இருபதாண்டுக் கையொப்பம்

முகாமைத்துவப் பாடநூல்களிலும் அவற்றை அடியொற்றி நிகழும் விரிவுரைகளிலும் ஒரு கோட்பாடு எதிர்ப்பின்றி நிலைபெற்று வருகின்றது. பொருளாதார நெருக்கடி வந்துற்ற வேளையில் ஒரு நிறுவனத்தின் பணிப்பாளர் சபை விரைந்து முடிவெடுத்தல் வேண்டும். நீண்ட ஆலோசனை, கேள்விப்பத்திரம், மாற்றுக் கருத்து என்பன நல்ல காலத்து ஆடம்பரங்கள். துணிந்து கையொப்பமிடுபவரே தலைவர் என்பது அக்கோட்பாட்டின் சாரம். இதனை விளக்கப் புயலில் அகப்பட்ட கப்பலும் சுக்கான் பிடிக்கும் மாலுமியும் உவமையாக வருவது வழக்கம். உவமை அழகானது, ஆயின் பொருந்தாதது. மாலுமி கப்பலோடு அமிழ்பவன். பணிப்பாளர் அத்தகையரல்லர். அவர் இட்ட கையொப்பம், அவர் பதவி நீங்கிய பின்னரும், அச்சபையின் பெயரையே கேள்வியுறாத மனிதரைப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்குக் கட்டி வைத்திருக்கும் வல்லமை உடையது.

இக்கோட்பாட்டைச் சோதித்துப் பார்ப்பதற்கு மன்னார்த் தீவின் தென்கரையைப் போன்ற இடம் அரிது. மன்னார் நகருக்கு மேற்கே, வளைகுடாவை நோக்கிக் கிடக்கும் தாழ்வுபாடு ஒரு மீனவ ஊர். அங்கே எந்தக் கம்பனியும் தலைமையகம் அமைத்ததில்லை. எனினும் 118 ஆண்டு இடைவெளியில் இரண்டு இருபதாண்டு முடிவுகள் இக்கடலையும் இக்கரையையும் பொருளாகக் கொண்டு தொலைவிடங்களில் எடுக்கப்பட்டன. ஒன்று 1906இல் எழுந்த முத்துக்குளிப்புக் குத்தகை. மற்றது 2024இல் அமைச்சரவை அங்கீகாரம் பெற்ற மின்கொள்வனவு. முன்னது ஒரு நல்ல ஆண்டின் கணக்கை நம்பியது. பின்னது ஒரு தீய ஆண்டின் அச்சத்திற் கருக்கொண்டது. இரண்டும் இருபது ஆண்டைக் காணவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, நெருக்கடிக் காலத்தில் ஒரு சபையிடம் எதிர்பார்க்கப்பட வேண்டியது வேகமா, வேறொன்றா என்பது விளங்கும்.

முத்துப்பார்கள் தாழ்வுபாட்டுக்குத் தெற்கே, பெருநிலக் கரையிலுள்ள அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களுக்கு எதிரே கடலுக்கடியிற் கிடப்பன. பெரியபார், சேவல்பார் முதலிய பெயர்கள் ஆங்கில ஆவணங்களிலும் தமிழாகவே நின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என ஆட்சி மாறியும் குளிப்பு தொடர்ந்தது. கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் சுழியோடிகள் வந்து கூடுவர். எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு அவர்தம் தரப்புக்கு. எஞ்சிய இரு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு அன்றன்று மாலையே, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என ஏலத்தில் விற்கப்படும். இருபங்கு எடுத்த அரசைத் தருமவான் என்று எவரும் புகழ வேண்டியதில்லை. ஆனால் அம்முறையில் ஓர் உண்மை உறைந்திருந்தது. சிப்பி இருந்தால் அனைவர்க்கும் பங்கு. இல்லையேல் அவ்வாண்டு குளிப்பே இல்லை. எவரும் எவர்க்கும் கடன்படவில்லை.

கடல் எத்துணைப் பொய்க்கும் என்பதற்கு ஏடுகள் சான்றாக இருந்தன. 1768 முதல் 1796 வரை ஒரு குளிப்பும் இல்லை. 1837இன் பின்னர் ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் இல்லை. 1892 முதல் 1902 வரை இல்லை. அதன் பின்னரே வியப்பூட்டும் நான்கு ஆண்டுகள் வந்தன. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசின் வருவாய் 25 இலட்சம் ரூபாவைக் கடந்தது.

இந்த வெளிச்சத்திற் பிறந்ததுதான் இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி. 1906இல் அது குளிப்புரிமையை இருபது ஆண்டுகளுக்குக் குத்தகையாகப் பெற்றது. ஆண்டு வாடகை 3,10,000 ரூபா. அதற்கு மேலாக, சிப்பி வளர்ப்புக்கென ஆண்டுதோறும் 50,000 முதல் 1,50,000 ரூபா வரை செலவிடவும் அது ஒப்புக்கொண்டது. 1905இன் வருவாயோடு ஒப்பிட்டால் வாடகை அற்பத்தொகை. அவ்வொப்பீட்டிலேயே பிழை இருந்தது. பங்கின்மேல் நின்ற ஒரு தொழிலை அச்சபை நிலைத்த கடப்பாட்டின்மேல் நிறுத்தியது. கடல் தந்தாலும் தராவிட்டாலும் 3,10,000 ரூபா கொடுத்தேயாக வேண்டும். அறியாமல் இது செய்யப்பட்டது என்றும் கூறமுடியாது. பேராசிரியர் ஹேட்மன் அரசின் பொருட்டு ஆராய்ந்து எழுதிய பேரறிக்கை 1903 தொட்டு அச்சேறிக்கொண்டிருந்தது. பெரியபாரில் 1880 முதல் பதினொரு தடவையேனும் இளஞ்சிப்பிகள் பெருந்தொகையாகப் படிந்தும், ஒரு தடவையாவது அவை குளிப்புக்கு நிலைக்கவில்லை என்பது அவ்வறிக்கையிலேயே உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்றும் நகரும் மணலும் அவற்றை அள்ளிச் சென்றன. இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்து வளர்க்கலாம் என்ற நம்பிக்கையும் அதே அறிக்கையில் இருந்தது. சபையினர் நம்பிக்கையைப் படித்தனர். பதினொரு தடவையைப் படிக்கவில்லை.

1907இன் குளிப்போடு பார்கள் வறண்டன. வாடகை வறளவில்லை. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. இவ்வரலாற்றில் எவரும் வேண்டுமென்று புனைய இயலாத ஒரு செய்தி உண்டு. பார்கள் மீண்டும் சிப்பி தந்து பெருங்குளிப்பு ஒன்று நிகழ்ந்தது 1925இல். அதாவது அந்த இருபதாண்டுக் குத்தகை உயிரோடிருந்திருப்பின் அதன் இறுதி ஆண்டில். பங்கு முறையில் ஒப்பந்தம் செய்து, முதலைக் காத்து, பொறுமையாக இருந்த ஒரு சபை அவ்வாண்டில் கரையில் நின்றிருக்கும். கைம்முதலைச் சிறுகச் சிறுக வாடகைக்கும் பரிசோதனைக்கும் இறைத்த சபை நிற்கவில்லை. பங்குதாரர் இழந்த பணம் ஏடுகளில் உள்ளது. குளிப்பில்லா அவ்வாண்டுகளிற் சுழியோடிகள் என்ன தின்றனர் என்பது எந்தக் கம்பனியின் ஐந்தொகையிலும் இல்லை.

நல்ல ஆண்டு கண்ணை மயக்கும் என்பதை எவரும் எளிதில் ஒப்புவர். தீய ஆண்டும் அதேயளவு மயக்கும் என்பதை ஒப்புவார் அரியர். இலங்கை மின்சார சபையின் அண்மைக்கால வரலாறு அதற்கு எடுத்துக்காட்டாகும்.

1969ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அச்சபை, தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ என்ற காற்றாலையை நிறுவி 2020 டிசெம்பரில் திறந்து வைத்தது. முப்பது சுழலிகள், 100 மெகாவாட்டுக்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவு, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன். அதற்கான வேலை போட்டிக் கேள்விப்பத்திரத்தின் மூலமே வழங்கப்பட்டது. ஆகவே முறையறியாத சபை என்று அதனைக் கூறமுடியாது. அதே காலத்தில் அச்சபை செய்யாமல் விட்டதொன்றும் உண்டு. 2013இல் உயர்த்தப்பட்ட மின்கட்டணம் 2014இற் குறைக்கப்பட்டது. அதன் பின்னர் 2022 ஆகஸ்டு வரை உயர்த்தப்படவேயில்லை. எரிபொருள் விலையும் நாணய மாற்றும் ஏறியும் இறங்கியும் அலைந்த எட்டு ஆண்டுகளில், நட்டத்தை ஏட்டிற் சேர்த்துக்கொண்டு, தேர்தல்களுக்குப் பணிந்து, சபை அமைதி காத்தது. பின்னர் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியது. குறைந்த அளவு மின்சாரம் பாவிக்கும் வீடுகளுக்கு ஆகஸ்டு மாத உயர்வு சராசரியிலும் மிகக் கூடியதாய் இருந்தது. மண்ணெண்ணெயின் கதையும் இதுவே. நெடுங்காலம் 87 ரூபாவாய் வைக்கப்பட்டிருந்த லீற்றர், 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபாவானது. வெளியிணைப்பு இயந்திரப் படகில் தாழ்வுபாட்டிலிருந்து கடலுக்குப் போகும் ஒருவருக்கு, இந்த இரு நிறுவனங்களின் ‘பொறுமை’யும் ‘துணிவு’ம் ஒரே மாதத்தில் ஒரே தலையில் வந்து விழுந்தன.

இனி முடிவுக்கு வருவோம் என்று சபை கருதிய வேளை எது? 2022இன் முதல் அரையாண்டு. மார்ச்சு இறுதியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. ஏப்பிரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துதல் நிறுத்தப்படுவதாக அரசு அறிவித்தது. இதற்கிடையே மார்ச்சு மாதத்தில், மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலைகள் அமைப்பதற்கு இந்தியாவின் அதானி குழுமத்தோடு, கேள்விப்பத்திரம் எதுவும் கோரப்படாமல், புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்று செய்யப்பட்டது. ஜூன் 9ஆம் நாள், போட்டிமுறையின் கட்டாயத்தைத் தளர்த்திய மின்சாரத் திருத்தச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மறுநாள், அரசாங்கப் பொறுப்புமுயற்சிகள் பற்றிய பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றிய சபைத் தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, இத்திட்டத்தை அக்குழுமத்துக்கு வழங்குமாறு இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாகச் சனாதிபதி தம்மிடம் கூறினார் என்றார். சனாதிபதி அதனை மறுத்தார். தலைவரும் தமது கூற்றை மீளப் பெற்றார். மூன்றாம் நாள் பதவி விலகினார்.

அவர் முதலிற் கூறியது உண்மையா, பின்னர் மறுத்தது உண்மையா என்பது இங்கு வினாவன்று. இரண்டில் எது உண்மையாயினும் ஒரு செய்தி எஞ்சுகின்றது. நாட்டின் மிகப்பெரிய பொது நிறுவனங்களுள் ஒன்றின் தலைவர், இருபதாண்டுக் காலம் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு திட்டத்தின் தோற்றுவாயைப் பற்றிப் பேசியபோது, “சபை இதனை ஆராய்ந்தது; இவ்விலையை அவ்விலையோடு ஒப்பிட்டது; இக்காரணத்தால் ஏற்றது” என்று சொல்ல முன்வரவில்லை. மேலிருந்து வந்த சொல்லைப் பற்றியே பேச்சு நிகழ்ந்தது. சபை என்ற ஒன்று இருந்ததாகவே அவ்விவாதத்திற் புலப்படவில்லை. துணிவான தலைமை என்று பாடநூல்கள் போற்றுவது நடைமுறையில் இவ்வாறே முடிவதுண்டு. தனியொருவர் துணிவதற்கு இடம் கொடுத்த சபை, தனியொருவர் பணிவதற்கும் இடம் கொடுத்துவிடுகின்றது.

எஞ்சிய கதை விரைவிற் சொல்லக்கூடியது. 2024 மேயில் அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலையில் இருபதாண்டுக் கொள்வனவுக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. இரு திட்டங்களும் சேர்ந்து 484 மெகாவாட். சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. ஆட்சி மாறிய பின் விலை மீளாய்வுக்கு எடுக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் குழுமம் விலகிக்கொண்டது. இதே மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலை ஒன்றுக்குச் சர்வதேசப் போட்டிக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டபோது வந்த விலையோ 4.65 சதம். திட்டங்களின் அளவும் நிபந்தனைகளும் காலமும் ஒன்றல்ல என்று பொறியியலாளர் எச்சரிப்பர், எச்சரிக்கை நியாயமானதே. ஆயினும் 8.26இற்கும் 4.65இற்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த எச்சரிக்கை ஒன்றினாலேயே நிரப்ப முயல்வது வீண். 2022இல் விலை கேட்கப்பட்டிருந்தால் என்ன விலை வந்திருக்கும் என்பதை இன்று எவராலும் அறிய இயலாது. கேட்கப்படாமையின் முழு நட்டம் அதுவே.

இங்கு இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, சபைக்கு அதிகாரம் ஏது, உறுப்பினரை நியமிப்பவரும் நீக்குபவரும் அமைச்சரன்றோ என்பது. இம்மறுப்பை எழுப்புவோர் பெரும்பாலும் சபையின் நண்பர்கள். ஆனால் சபைக்கு இதைவிடக் கடுமையான கண்டனம் வேறில்லை. அதிகாரமற்ற ஒருவருக்கும் இரண்டு அதிகாரங்கள் எப்போதும் உண்டு. தமது மாறுபாட்டைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதுவித்தல் ஒன்று; எழுந்து போதல் மற்றொன்று. எட்டு ஆண்டுக் கட்டண மௌனத்தில் இவ்விரண்டினுள் எதனையேனும் எவரேனும் செய்தனரென்று நாட்டினர் கேள்விப்படவில்லை. பணிப்பாளர் என்ற பெயருக்குரிய கொடுப்பனவையும் வாகனத்தையும் ஏற்று, அப்பெயருக்குரிய பொறுப்பை மட்டும் அமைச்சருக்குத் திருப்பி அனுப்பும் வழக்கம் நெருக்கடியாற் பிறந்ததன்று, நெருக்கடியில் வெளித்தெரிந்தது.

இரண்டாவது மறுப்பு வலியது. இருளில் கிடந்த நாட்டுக்குக் கேள்விப்பத்திரம் கோரிக் காத்திருக்க நேரம் இருந்ததா? இதற்கு விடை காண, மன்னாரிலிருந்து ஐதராபாத்து வரை செல்ல வேண்டியிருக்கின்றது. அங்கே சத்தியம் என்ற கணினிக் கம்பனியின் பணிப்பாளர் சபை, 2008 டிசெம்பர் 16ஆம் நாள், உலகப் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, தலைவரின் குடும்பத்தார்க்குரிய இரு நிறுவனங்களை 160 கோடி டொலருக்கு வாங்க ஒரே கூட்டத்தில் ஏகமனதாக இணங்கியது. அச்சபையில் சுயாதீனப் பணிப்பாளர் எனப்பட்ட பேரறிஞரும் இருந்தனர். முகாமைத்துவம் போதித்த பேராசிரியரும் இருந்தனர். வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. பங்குதாரர் எதிர்ப்பினால் சில மணி நேரத்தில் அம்முடிவு கைவிடப்பட்டது. மூன்று வாரத்தின் பின், 2009 ஜனவரி 7ஆம் நாள், கணக்குகளே ஆண்டுக்கணக்காகப் பொய்யாக எழுதப்பட்டவை என்று தலைவர் எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

இக்கதையின் இரண்டாம் பாகமே இங்கு வேண்டுவது. பழைய சபையை இந்திய அரசு கலைத்துப் புதிய சபை ஒன்றை அமைத்தது. கிரண் கார்ணிக், தீபக் பாரேக்கு ஆகியோரும், சென்னையைச் சேர்ந்த பட்டயக் கணக்காளர் டி.என். மனோகரனும் அதில் இடம்பெற்றோருட் சிலர். ஏறத்தாழ 50,000 ஊழியர். நம்பத்தக்க கணக்கு ஒன்றுமில்லை. அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பணம் தேட வேண்டும். வாடிக்கையாளர் ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டிருந்தனர். இதனினும் பெரிய அவசரம் ஒரு கம்பனிக்கு நேர்தல் அரிது. அச்சபை அவசரமான வேலைகளை அவசரமாகச் செய்தது: சம்பளம் கொடுத்தது, வங்கிக் கடன் பெற்றது, வாடிக்கையாளரைச் சந்தித்தது. ஆனால் கம்பனியை எவருக்கு விற்பது என்ற நெடுங்கால முடிவை அறிமுகமானவர் கையில் இரவோடிரவாக ஒப்படைக்கவில்லை. விலை கோரியது, பகிரங்கமாகக் கோரியது. 2009 ஏப்பிரல் 13ஆம் நாள் மிக உயர்ந்த விலை கூறிய டெக் மஹிந்திராவுக்கு அது போய்ச் சேர்ந்தது. புதிய சபை அமைந்தது முதல் விற்பனை வரை ஏறத்தாழ மூன்று மாதமே சென்றது. மன்னார்த் திட்டமோ 2022 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உழன்று, ஓர் அலகு மின்சாரமும் தராமல் ஒழிந்தது. குறுக்கு வழி எத்துணை நீளமானது!

இவ்வேறுபாட்டையே நெருக்கடிக்காலத் தலைமை பற்றிப் பேசுவோர் காண மறுக்கின்றனர். மின்வெட்டு இன்றைய துன்பம். அதற்கு இன்றே எரிபொருள் வாங்க வேண்டும், இன்றே மின்நிலையத்தைத் திருத்த வேண்டும். இருபதாண்டு விலை என்பதோ இன்றைய துன்பத்துக்கு மருந்தன்று. அன்று கையொப்பமிட்டிருந்தாலும் அக்காற்றாலை அந்த ஆண்டின் இருளை நீக்கியிராது; சுழலி ஒன்று நிலைநிறுத்தப்படவே ஆண்டுகள் செல்லும். ஆகவே துன்பத்தின் அவசரம் துன்பத்தோடு தொடர்பில்லாத ஒரு முடிவுக்கு இரவல் கொடுக்கப்பட்டது. 1906இல் 1905இன் மகிழ்ச்சி இரவல் கொடுக்கப்பட்டதுபோல.

தாழ்வுபாடு என்ற பெயரின் ஈற்றிலுள்ள ‘பாடு’, கரைவலை இழுக்கும் இடத்தைக் குறிக்கும் கடற்றொழிலாளர் வழக்கை நினைவூட்டுவது. கரைவலையில் சம்மாட்டியும் வலையிழுப்போரும் பட்ட மீனைச் செலவு நீக்கிப் பங்கிடுவர். இம்முறையைப் பொற்காலமாகப் போற்ற வேண்டியதில்லை. சம்மாட்டி கொடுக்கும் முற்பணம் தொழிலாளியைத் தலைமுறையாகக் கட்டி வைத்ததும் இக்கரையின் வரலாறே. ஆயினும் சம்மாட்டி கரையிலேயே நிற்கின்றார். வலை வெறுமையாய் வந்தால் அவரும் வெறுங்கையோடு வீடு திரும்புகின்றார். மீன் படாத நாளை அறியாத ஒருவர் வலை பற்றிய முடிவை அங்கே எடுப்பதில்லை. பெருங்கம்பனிகளின் சபைகளில் இல்லாதது இந்த நிற்றலே. தம்பபவனியின் வருகைக்குப் பின் கரையோர மீன் குறைந்தது என்று மீனவர் கூறுகின்றனர். சுழலிகளுக்காக இட்ட பாதைகள் மழைநீர் வடியும் வழிகளை அடைத்துவிட்டன என்று தீவின் மக்கள் கூறுகின்றனர். வங்காலை முதலிய ஈரநிலங்களுக்கு வரும் வலசைப் பறவைகளைப் பற்றி இயற்கையியலாளர் கூறுகின்றனர். இவற்றுள் எது எவ்வளவு உண்மை என்பது ஆய்வுக்குரியது. ஆனால் ஒரு சபை இவற்றைக் கேட்க வேண்டிய நேரம் முடிவுக்கு முன்னர். 2025 செப்டெம்பரில் சுழலியின் பாகங்களை ஏற்றிய வாகனங்களை மறித்து நின்ற மக்கள்மீது பொலிசார் பாய்ந்த இரவில் அன்று. அங்கே மறிக்கப்பட்டவை மலிந்த விலையில் முறையாகப் பெற்ற திட்டங்களுக்கான பாகங்களாயினும் எதிர்ப்பு எதிர்ப்பே. கேள்விப்பத்திரம் விலையைக் கேட்கும், ஊரைக் கேட்காது. ஊரைக் கேட்பது சபையின் வேலை.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இன் திருத்தமும் மின்சார சபையின் பணிகளைப் பல கம்பனிகளுக்குப் பகிர்ந்தளிக்க வழி செய்தன. ஒரு சபை இருந்த இடத்துக்குப் பல சபைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு மேசை, ஒரு குறிப்பேடு. அவற்றில் அமரப் போவோரை உருவாக்கும் வகுப்பறைகள் இந்நாட்டின் பல்கலைக்கழகங்களிலேயே உள்ளன. அங்கே புயலும் மாலுமியும் கற்பிக்கப்படும் மணி நேரத்தில், 1906இன் குத்தகைப் பத்திரம் ஒருமுறையேனும் மாணவர் கையில் வைக்கப்படட்டும். அதன் அருகே ஹேட்மனின் பதினொரு தடவைக் கணக்கு வைக்கப்படட்டும். பத்தாண்டுக்கு மேற்பட்ட எந்தக் கொள்வனவும், விலைகோரல் இன்றி நிறைவேற்றப்படுமாயின், அதற்கிணங்கிய பணிப்பாளர் ஒவ்வொருவரின் பெயரும் காரணமும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்ற ஒரு பிரிவைப் புதிய கம்பனிகளின் அமைப்பு விதிகளில் எழுதுவதற்கு ஒரு பக்கம் போதும். அதனை எழுத மறுப்போர் யாவர் என்பதை முதலில் அறிந்துகொள்ளலாம்.